ரூம் போடுவதற்கு முன்னால்: நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு

மே மாதம் வராதீர்கள்.

ஊட்டிக்கு எப்போது வரலாம் என்று போனில் கேட்கிற சொந்தக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிலருக்குக் கோபம் வரும், ஊரில் வெயில் கொளுத்துகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுவதே அப்போதுதான், வேறு எப்போது வருவதாம் என்று. நியாயமான கேள்விதான், பதில் வைத்திருக்கிறேன். ஆனால் நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள், மே மாதத்தில் இந்த மலை படுகிற பாட்டை வருடா வருடம் பார்க்கிறவள், அதனால் மனதில் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா வருகிறவர்களால் இங்கே நடக்கிற நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தேதி குறிக்கும்போதும், ரூம் போடும்போதும், வண்டி பேசும்போதும் முடிவாகிவிடுகிறது. மலைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி விஷயம் கையை மீறிப் போயிருக்கும். யானை நடக்கிற பாதையில் கட்டிய விடுதியில் மூன்று நாள் தங்கிவிட்டு, குப்பையை ஒழுங்காகத் தொட்டியில் போட்டேன் என்று நிம்மதிப்பட முடியாது.

அதனால் ரூம் போடுவதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிடுங்கள்.

தேதி

சில வருடங்களுக்கு முன்னால் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. இங்கே முதலுதவி செய்துவிட்டு உடனே கோயம்புத்தூர் கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கிலோமீட்டர்கூட இருக்காது, சாதாரண நாளில் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம், அன்றைக்கு மூன்று மணி நேரம் ஆனது. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் ஆம்புலன்ஸ் அப்படியே நின்றுவிட்டது. சைரன் அலறிக்கொண்டே இருக்கிறது, எதிரே ரோட்டோரமாக வரிசையாகக் கார்கள், ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து அதன் கையால் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்க வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் ஒன்றும் இல்லை, சைரனைக் கேட்டதும் பதறிப்போய்க் காரை எடுக்கத்தான் ஓடினார், ஆனால் எங்கே எடுப்பது, முன்னும் பின்னும் ஈ எறும்பு நுழைய இடம் இல்லை. அப்பா பிழைத்துவிட்டார். அந்த மூன்று மணி நேரம் நான் என்ன பாடு பட்டேன் என்பது வேறு கதை.

ஒரே சாலையைத்தான் நாம் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறோம், அதுதான் விஷயம். இதற்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. 2024 மே 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது, 2025 ஏப்ரலிலிருந்து சீசன் மாதங்களுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள், ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. இந்த விதிகள் அவ்வப்போது மாறும், கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸுக்குக் காசு கிடையாது, அரசின் தளத்தில் வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்று கொடுத்தால் வந்துவிடும், யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வருவது உறுதியானால் மட்டும் எடுங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தேதிக்கு எடுத்து வைத்தால் இன்னொரு குடும்பத்தின் இடம் போகிறது. உள்ளூர்க்காரர் என்றோ விவசாயப் பொருள் ஏற்றுகிற வண்டி என்றோ பொய் சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து அடிக்கடி பஸ் இருக்கிறது, ஊட்டியிலும் குன்னூரிலும் டவுன் பஸ் இருக்கிறது. பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால் பஸ்ஸில் வாருங்கள், பார்க்கிங் தேடி அலைகிற நேரம் மிச்சம்.

சரி, பிள்ளைகளுக்கு லீவு மே மாதம்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். காலாண்டு லீவு இருக்கிறது, ஜனவரி கடைசி வாரம் இருக்கிறது, பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஜூலை மழையில் அவலாஞ்சி பக்கம் மேகம் தரையில் நடக்கும். மே மாதமே ஆக வேண்டும் என்றால் செவ்வாய் வந்து வியாழன் திரும்புங்கள், சனி ஞாயிறை விட்டுவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் குன்னூர் கோத்தகிரி பக்கம் மண் சரியும், 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேல் உயிர் போனது, அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் கிளம்புகிற அன்று காலையில் வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

அப்புறம், எங்கேயாவது மண் சரிந்தால் அதைப் பார்க்க வராதீர்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோது, வேடிக்கை பார்க்க வர வேண்டாம், மீட்புப் பணிக்கு இடைஞ்சல் என்று கேரளக் காவல்துறை அறிவிப்பே கொடுக்க வேண்டி வந்தது. ஒரு மாதம் இரண்டு மாதம் கழித்து, அங்கே கடை திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அப்போது போங்கள், அப்போதுதான் அவர்களுக்கு உங்கள் காசு தேவைப்படும்.

ரூம்

இதில்தான் நான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் இறங்கினால் மசினகுடி, அதைச் சுற்றி சீகூர் பீடபூமி. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிற யானைகள் காலங்காலமாக இந்த வழியாகத்தான் போய்வருகின்றன. ஒரு பக்கம் செங்குத்தான மலை, இன்னொரு பக்கம் மாயாறு ஓடுகிற பள்ளம், இரண்டுக்கும் நடுவில் குறுகலான பாதை. அந்தப் பாதையில்தான் விடுதிகளைக் கட்டினார்கள், சுற்றி மின்வேலி போட்டார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் இது யானை வழித்தடம், கட்டடங்களை எடுங்கள் என்று தீர்ப்பு சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது.

அதற்குப் பிறகு 2021 ஜனவரியில் நடந்ததை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே முதுகில் புண்ணோடு அந்தப் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்த யானை ஒன்று மசினகுடியில் ஒரு தங்குமிடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. விரட்டுவதற்காகத் தீ வைத்த துணியையோ டயரையோ அதன் மேல் வீசினார்கள், அது காதில் சிக்கிக்கொண்டு எரிய, அந்த யானை இருட்டுக்குள் ஓடியது. சில நாளில் செத்துப்போனது. இரண்டு பேரைக் கைது செய்தார்கள். நான் அந்த வீடியோவை இன்று வரை முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று நினைத்துப் பார்க்கிறேன், அந்தத் தங்குமிடத்தில் தங்க யாரும் காசு கொடுத்திருக்காவிட்டால் அங்கே தங்குமிடமே இருந்திருக்காது.

அதனால் ரூம் போடும்போது போன் செய்து பேசுங்கள், ஆப்பில் படம் பார்த்து நட்சத்திரம் எண்ணிப் போடாதீர்கள். பதிவு எண் இருக்கிறதா, சுற்றுலாத் துறையிலோ உள்ளாட்சியிலோ அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள். சுற்றிலும் மின்வேலி உண்டா என்று கேளுங்கள், உண்டு என்று பெருமையாகச் சொன்னால் அது மிருகம் நடக்கிற இடம் என்று அர்த்தம். ராத்திரி கேம்ப்ஃபயர் போடுவீர்களா, பாட்டு வைப்பீர்களா, நைட் சஃபாரி கூட்டிப் போவீர்களா என்று ஆசைப்படுகிற மாதிரியே கேட்டுப் பாருங்கள். ஓ, எல்லாம் உண்டு சார் என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். தனியார் ஜீப்பில் ராத்திரி காட்டுக்குள் கூட்டிப் போவது சட்டப்படி குற்றம், ஸ்பாட் லைட் அடித்து மானையும் காட்டு மாட்டையும் மிரட்டுவதற்குப் பெயர் சஃபாரி இல்லை. முதுமலையில் காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் தெப்பக்காட்டில் வனத்துறையே வண்டி விடுகிறது. அதில் போங்கள். புலி வரவில்லை என்று டிரைவரிடம் சண்டை போடாதீர்கள்.

காட்டோரம் இல்லாமல் ஊருக்குள் ரூம் போட்டாலும் ஒரு விஷயம் பாருங்கள். 1993-லிருந்து நீலகிரிக்கு மாஸ்டர் பிளான் இருக்கிறது, ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் கட்டக்கூடாது என்பது அதில் முக்கியமான விதி. பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி சரிவில் ஐந்து மாடி எழுப்பி, பால்கனியிலிருந்து எடுத்த படத்தைப் போட்டிருந்தால், அந்தப் படமே உங்களுக்கு வேண்டிய விவரத்தைச் சொல்கிறது. டவுனுக்குள் பழைய லாட்ஜ்கள் இருக்கின்றன, படுகர் கிராமங்களில் சில வீடுகளில் முறையாகப் பதிவு செய்த ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள், வீட்டு அம்மாவே சமைத்துப் போடுவார், நீங்கள் கொடுக்கிற காசு அந்தத் தெருவிலேயே இருக்கும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வரி. கோடையில் குன்னூரில் எங்கள் தெருவுக்கு பத்து நாளுக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த வருடங்கள் உண்டு, குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம், அதே தெருவில் விடுதிக்கு லாரி லாரியாகத் தண்ணீர் போகும். நீச்சல் குளமும் பாத் டப்பும் இருக்கிற ரூம் மலையில் தேவையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிரைவர் எங்கே தூங்குகிறார்?

போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் ஊட்டியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் ஐந்தரைக்குப் பால் வாங்கப் போனேன், புல் மேல் உறைபனி உப்பு தூவின மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஒரு விடுதி வாசலில் டூரிஸ்ட் வேன், கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்திருந்தது, முன் சீட்டில் ஒருவர் குறுக்கி மடக்கிப் படுத்திருந்தார், தலையில் துண்டு, அதற்கு மேல் ஒரு சாக்கு. பால் வாங்கித் திரும்பும்போது எழுந்து வெளியே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா இதுலயா அண்ணா இருந்தீங்க?"

"ஆமாம்மா, எப்பவும் வண்டிலதான். நடுவுல ரெண்டு தடவை இன்ஜினைப் போட்டுக் கொஞ்சம் சூடு பண்ணிக்கிட்டேன்."

மதுரையிலிருந்து குழந்தை குட்டியோடு பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கழிப்பறைக்குப் பஸ் ஸ்டாண்ட் வரை நடக்க வேண்டும், குளிக்க வழியில்லை. அன்று மதியம் அதே ஆள் அந்தப் பன்னிரண்டு பேரோடு மலை இறங்க வேண்டும், மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி தூங்காத மனிதர் கையில் குடும்பத்தையே கொடுத்துவிட்டு நாம் பின் சீட்டில் தூங்குகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து என்பது தனி.

2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கவும் கழிப்பறைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. விதி வந்தது நல்ல விஷயம், ஆனால் பழைய விடுதிகள் பலவற்றில் இன்னும் இடம் இல்லை. நீங்கள் கேட்டால்தான் நடக்கும். ரூம் போடும்போதே டிரைவருக்குப் படுக்கை உண்டா, கம்பளி தருவீர்களா, வெந்நீர் உண்டா என்று கேளுங்கள், இல்லை என்றால் பக்கத்தில் ஒரு டார்மெட்டரியில் அவருக்கு ஒரு படுக்கை போடுங்கள், பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் தலைக்கு எவ்வளவு வந்துவிடும்? பேட்டா கொடுக்கிறோமே, அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லாதீர்கள், அந்தப் பேட்டாவை அவர் வீட்டுக்குக் கொண்டு போகத்தான் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார். சாப்பாட்டுக்கும் அவரைக் கூடவே கூப்பிடுங்கள்.

நீங்களே வண்டி ஓட்டினால் ஒரு விதி மறக்கவேண்டாம், மலை ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். கல்லட்டி பாதையில் 36 வளைவு, இப்படி பிரேக் போய் விழுந்த வண்டிகள் நிறைய. வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியாக இறங்கத் தடை வைத்ததும் அதனால்தான். கூகுள் மேப் குறுக்கு வழி காட்டுகிறது என்று போலீஸ்காரரிடம் வாதாடாதீர்கள்.

காட்டு மாடும் கரடியும் குரங்கும்

குன்னூரில் காட்டு மாடு தெருவில் நடக்கும், தேயிலைத் தோட்டத்துக்குள் மேயும். பார்க்க மாடு மாதிரி சாதுவாக இருக்கும். நல்ல கடா ஒன்று ஒரு டன் எடை வரும் என்பது பக்கத்தில் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. நாங்கள் என்ன செய்வோம் என்றால், அது வருகிற வழியில் நாங்கள் நின்றுவிடுவோம், அது போகும் வரை பேசாமல் நிற்போம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். நீங்களும் அப்படியே நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். நீங்கள் சீண்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவீர்கள், மிரண்டுபோன மாடு அடுத்த வளைவில் இலை பறித்துக்கொண்டிருக்கிற ஒரு அக்காவை முட்டும்.

சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைத்தால் கரடி வரும். கோத்தகிரி பக்கம் கோயில் விளக்கில் இருக்கிற எண்ணெய்க்காகவே கரடி கதவை உடைக்கிறது, பிரியாணி பொட்டலம் கிடைத்தால் விடுமா? குரங்குக்கு எதுவுமே கொடுக்காதீர்கள், மலைப்பாதையில் கார் நிற்கும், தீனி வரும் என்று பழகிப்போன குரங்குதான் டயரில் அடிபடுகிறது.

யானை ரோட்டில் நின்றால் யார் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். 2025 பிப்ரவரியில் வால்பாறைப் பாதையில் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லியும், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பைக்கில் யானையைத் தாண்டிப் போகப் பார்த்து உயிரை விட்டார். முதுமலை, பந்திப்பூர் சாலை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும், அதைக் கணக்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள், ஒன்பது மணிக்குள் தாண்டிவிட வேண்டும் என்று எட்டரைக்குக் காட்டுக்குள் பறப்பது மூடியதற்கான காரணத்தையே கெடுக்கிறது.

மந்துக்குப் போகலாமா?

தமிழ்நாட்டில் அரசு பட்டியலில் உள்ள பழமையான பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நீலகிரியில் இருக்கிறார்கள். ஊட்டிக்கு வருகிறவர்கள் அதிகம் தேடிப் போவது தோடர்களை, மொத்தமே இரண்டாயிரம் பேருக்குள்தான் இருப்பார்கள். அவர்கள் குடியிருப்புக்கு மந்து என்று பெயர், உதகமண்டலம் என்ற பெயரே ஒத்தைக்கல் மந்து என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அதாவது நீங்கள் ரூம் போட்டிருக்கிற ஊரே அவர்களுடைய மந்து.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்து இருக்கிறது, பூங்கா பார்க்க வருகிறவர்கள் அப்படியே நடந்து போய்விடுகிறார்கள். போகலாமா என்றால், யாராவது கூப்பிட்டால் போகலாம், அல்லது வாசலில் நின்று கேட்டு, சரி வாங்க என்று சொன்னால் போகலாம். அரைவட்டமாக வளைந்த கூரையோடு இருக்கிற சிறிய கட்டடம் அவர்களுடைய கோயில், அதற்குள் தோடப் பெண்களே போவதில்லை, ஆண்களிலும் பூசை செய்கிறவர்தான் போவார். அதன் மதில் மேல் ஏறி உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கோயில் கருவறைக்குள் ஷூவோடு ஒருவர் நுழைந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். எருமைகளுக்கும் அவர்கள் சமயத்தில் இடம் உண்டு, கொம்பைப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். ஆடிக் காட்டுங்கள், உடை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள்.

அங்கே ஒரு பாட்டி வெயிலில் உட்கார்ந்து, தோடர்கள் போர்த்திக்கொள்கிற பூத்துக்குளி சால்வைக்குப் பூவேலை போடுவதை ஒரு தடவை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துணியில் கோடு கிடையாது, படம் கிடையாது, இழையை விரல் நுனியால் எண்ணி எண்ணி ஊசியைக் கோக்கிறார். சிவப்பும் கறுப்பும் நூல், வெள்ளைத் துணி. நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் என் சுண்டுவிரல் நீளம்கூட வரவில்லை. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஊட்டிக் கடைகளில் மெஷினில் அடித்த நகலைத் தோடா சால்வை என்று சல்லிசான விலைக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் கடையில் பாதி விலைதானே என்று பேரம் பேசுகிறார்கள். முடிந்தால் செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். பெரிய சால்வைக்குக் காசு இல்லை என்றால் சின்னப் பை, பர்ஸ், மஃப்ளர் இருக்கிறது. எதுவும் வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, பேரம் மட்டும் பேசாதீர்கள். ரோட்டோரம் கேரட் விற்கிற அம்மாவிடமும் அதே மாதிரிதான்.

இங்கே ஒரு சங்கடமான விஷயமும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் எப்பநாடு பக்கம் பிக்கபத்தி மந்தைச் சுற்றிய சரிவில் குறிஞ்சி பூத்தது. நான்கு பேர் ரீல்ஸ் போட்டார்கள், ஒரே வாரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து செடியை மிதித்தார்கள், பறித்தார்கள், வனத்துறை தடை போட்டு அபராதம் விதிக்க வேண்டி வந்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். குறிஞ்சி விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறைச் செடி, பூவைப் பறித்துக் காதில் வைத்தால் அந்தச் செடிக்கு வேறு வாய்ப்பு இல்லை, பூத்து முடித்ததும் செத்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடம் உங்களுக்குத் தெரிந்துவிட்டால் படத்தைப் போடுங்கள், இடத்தின் பெயரைப் போடாதீர்கள். நீலகிரி என்று மட்டும் போட்டால் போதும்.

தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறவர்களையும் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அவர்களில் பலருக்குப் பறித்த எடையும் கூலிக் கணக்கில் சேரும், உங்களுக்காக நிமிர்ந்து சிரிக்கிற நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பலர், 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கேமராவை உள்ளே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், ஹட்டன், நுவரெலியா என்று ஊர்ப் பெயர் சொல்லி ஆரம்பிப்பார்கள்.

நடக்க ஆசைப்படுகிறவர்கள்

காட்டுக்குள் நீங்களாக நுழையாதீர்கள், தெரிந்த கைடு என்று யாராவது சொன்னாலும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத் தீயில் மாட்டி 23 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று அரசே 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறது. பழங்குடி கிராமத்து இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள், காசில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். முதல் தடவை என்றால் கோத்தகிரி லாங்வுட் சோலை போதும், 116 ஹெக்டேர்தான், 2024-ல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தது, டவுனுக்குப் பக்கத்திலேயே இவ்வளவு இருட்டான சோலை இருக்கிறதா என்று இருக்கும். கரிக்கையூரில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் சிலர் பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். கோடையில் தீ பயத்துக்காகப் பாதைகளை மூடுவார்கள், அப்போது கெஞ்சாதீர்கள்.

குப்பை

இது எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குள் கூடாது, கல்லாரிலும் குஞ்சப்பனையிலும் மற்றச் செக்போஸ்ட்டுகளிலும் வாங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலோடு வாருங்கள், ஊரெங்கும் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது. மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தருகிற முறை 2022-ல் நீலகிரியில்தான் தொடங்கியது. உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் அது நடக்க முடியாமல் சாகும், அதனால்தான். பத்து ரூபாய் போனால் போகட்டும் என்று காட்டுக்குள் வீசாதீர்கள்.

அதிகம் பேசாத ஒன்று டயப்பர். குன்னூர்க் குப்பை முழுக்க ஓட்டுப்பட்டறைக்குத்தான் வருகிறது, அங்கே பெண்கள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பையாகப் பிரித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு தடவை போய் நின்று பார்த்தேன். மே மாதம் வருகிற பைகளில் பிரியாணியோடு சேர்த்துக் கட்டிய டயப்பர், ஹோட்டல் ரூம் நாப்கின், எல்லாம் ஒன்றாக ஊறிப் போயிருக்கும். பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா சொன்னார், "தனியா ஒரு பேப்பர்ல சுத்திப் போட்டாப் போதும்மா, வேற எதுவும் வேணாம்." அதைச் செய்யுங்கள். அல்லது காரில் ஒரு பெரிய பை வைத்துக்கொண்டு சிப்ஸ் கவர், டயப்பர், பேட்டரி எல்லாவற்றையும் அதில் போட்டுக் கீழே கொண்டு போய்விடுங்கள். எங்கள் ஊரில் குப்பை கொட்டுகிற இடம் எல்லாமே ஏதோ ஓர் ஓடைக்கு மேலேதான் இருக்கிறது, சமவெளியில் இடமும் உண்டு, வசதியும் அதிகம்.

இறங்கும்போது பர்லியாரில் நிறுத்துவீர்கள், சீசன் என்றால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். வண்டியை ரோட்டு வளைவில் விடாமல் கடைக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் விடுங்கள், டிரைவர் அண்ணாவுக்கும் ஒரு டீ சொல்லுங்கள். தோலைக் குரங்குக்குப் போடாமல் அந்தப் பைக்குள்ளேயே போட்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.